முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் விவாகரத்து ஆகிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 34. 2013-இல் கோயிலில் திருமணம் நடந்தது, பதிவும் செய்திருக்கிறோம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4 வயது. கணவர் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளர். நான் தனியார் பள்ளியில் மாதம் 14,000 ரூபாய்ச் சம்பளத்தில் ஆசிரியை. 2018-இல் என் நகையில் 22 பவுனை விற்று முன்பணம் கட்டி, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கி, இருவர் பெயரிலும் ஒரு வீடு வாங்கினோம். இன்னும் 13 பவுன் மாமியாரின் லாக்கரில் இருக்கிறது. ஒன்றரை வருடமாகப் பிரிந்து, பிள்ளைகளோடு என் அம்மா வீட்டில் இருக்கிறேன். அடிதடி எதுவும் இல்லை. இருவருக்குமே மனம் ஒட்டவில்லை. போன வாரம் அவருடைய பெரியப்பாவும் ஊர்ப் பெரியவர்கள் இருவரும் வந்து, 100 ரூபாய் முத்திரைத்தாளில் டைப் அடித்த ஒன்றைக் காட்டினார்கள். நான் ஐந்து லட்சம் பெற்றுக்கொள்வது, வீட்டிலும் நகையிலும் எனக்கோ பிள்ளைகளுக்கோ பாத்தியதை இல்லை, இனி ஜீவனாம்சம் கேட்கக் கூடாது, மகன் அவரிடம் மகள் என்னிடம், இருவரும் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து வாங்க வருவார்கள். ‘கோர்ட்டுக்குப் போனால் பத்து வருஷம் இழுக்கும், ஆண் பிள்ளை எப்படியும் அப்பனுக்குத்தான்’ என்கிறார்கள். அம்மாவும் போட்டுவிடு என்கிறார். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி, ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். காரணங்களை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். உங்கள் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

இந்து திருமணச் சட்டத்தின் கீழ் நடந்த திருமணத்தை முறிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. முத்திரைத்தாளின் மதிப்பு 100 ரூபாயாக இருந்தாலும், நோட்டரி முத்திரை குத்தியிருந்தாலும், ஊரே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது விவாகரத்து ஆகாது. அச்சட்டத்தின் 29-ஆம் பிரிவு, வழக்காறாக இருந்துவரும் மணமுறிவுக்கு ஒரு விலக்கு அளிக்கிறது. ஆனால் அப்படியொரு வழக்காறு தங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக இடைவிடாமல் இருந்துவருவதை, அதைச் சொல்பவர்தான் நீதிமன்றத்தில் சாட்சியங்களோடு நிரூபிக்க வேண்டும். அதை நிரூபிக்க முடியாமல் தோற்றவர்களே அதிகம்.

இந்த எச்சரிக்கையை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய முத்திரைத்தாளை எடுத்து மேசைமேல் விரித்தார்; நான்காக மடித்து வைத்திருந்ததால் மடிப்புகளில் இற்றுப்போய், தொட்டால் கிழியும் நிலையில் இருந்தது. அவர் மணந்துகொண்டவருக்கும் அவருடைய முதல் மனைவிக்கும் ஊரில் எழுதிய ‘தீர்வைப் பத்திரம்’ அது. அதை நம்பித்தான் இவர் கழுத்தை நீட்டினார். அவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு மனுப் போட்டபோது, முதல் திருமணம் சட்டப்படி முறியவே இல்லை, எனவே உங்கள் திருமணம் செல்லாது என்று பதில் வந்துவிட்டது. அந்தத் தாளைக் கிழியாமல் மறுபடி மடித்துப் பையில் வைக்க அவர் எடுத்துக்கொண்ட நேரம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மறுமணத்துக்குத் தடையில்லை என்று உங்கள் தாளில் இருக்கும் வரி, நாளை உங்களையோ உங்கள் கணவரையோ நம்பி வரும் மூன்றாவது மனிதரை இப்படித்தான் நிறுத்தும்.

அந்தத் தாளில் இன்னொரு பெரிய கோளாறும் இருக்கிறது. மணமுறிவு, வீடு, நகை, ஜீவனாம்சம், பிள்ளைகள் என்ற ஐந்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி, அதற்கு ஐந்து லட்சம் என்று விலை வைத்திருக்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றும் தனி உரிமை, ஒவ்வொன்றுக்கும் தனி ஏற்பாடு உண்டு. ஒன்றைக் கொடுத்தால்தான் இன்னொன்று என்று பேரம் பேச அவை ஒரே சரக்கு அல்ல. ஆகவே மூட்டையைப் பிரித்துப் பார்ப்போம்.

இருவரும் பிரிவதென்று உண்மையிலேயே முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், பத்து வருடம் இழுக்கும் என்ற பயம் தேவையில்லை. எதிர்த்து நடத்தும் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்வது உண்மைதான். மனமொத்த விவாகரத்து அப்படியல்ல. இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவின்படி ஓராண்டாகப் பிரிந்து வாழ்ந்திருந்தால் இருவரும் சேர்ந்து மனுத் தாக்கல் செய்யலாம். அதன்பின் ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மீண்டும் நீதிமன்றத்தில் நின்று தங்கள் முடிவில் மாற்றமில்லை என்று சொன்னால், நீதிபதி விசாரித்து மனநிறைவு அடைந்த பின் தீர்ப்பு வழங்குவார். அந்த ஆறு மாதக் காத்திருப்பையும், பிரிந்து ஒன்றரை ஆண்டு கடந்து, சமரச முயற்சிகள் பலிக்காமல், ஜீவனாம்சம், பிள்ளைகள் போன்றவற்றை உண்மையாகவே தீர்த்துக்கொண்டவர்களுக்கு நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. நீங்கள் பிரிந்து ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டதால் அதைக் கேட்டுப் பார்க்கலாம். மனுவை உங்கள் கணவர் ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. மனைவி மனுதாரராக இருந்தால் அவர் இப்போது வசிக்கும் இடத்துக்குரிய குடும்ப நல நீதிமன்றத்திலேயே போடலாம் என்று 2003-இல் 19-ஆம் பிரிவைத் திருத்தியிருக்கிறார்கள்.

இனி வீடு. நம் நாட்டில், விவாகரத்து ஆனால் சொத்தில் மனைவிக்குத் தானாகப் பாதி என்ற சட்டம், போர்ச்சுக்கீசியர் காலச் சிவில் சட்டம் தொடரும் கோவா போன்ற பகுதிகளைத் தவிர, வேறெங்கும் இல்லை. தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துவிட்டுப் பலர் இதில் ஏமாந்து போகிறார்கள். யார் பெயரில் கிரயப் பத்திரம், யார் பணம் போட்டது என்பதுதான் இங்கே கேள்வி. உங்களுக்கு நல்லவேளையாகப் பத்திரம் இருவர் பெயரிலும் இருக்கிறது. பத்திரத்தில் பங்கு இவ்வளவு என்று எழுதவில்லை என்றால், 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 45-ஆம் பிரிவின்படி, அவரவர் போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு; அதற்குச் சாட்சியம் இல்லாவிட்டால் சமபங்கு என்று அனுமானிக்கப்படும். ஆக, எப்படிப் பார்த்தாலும் அந்த வீட்டில் உங்களுக்குப் பங்கு உண்டு. விவாகரத்துத் தீர்ப்பு வந்தாலும் அது அழியாது.

22 பவுனை விற்றீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 22 பவுன் என்றால் 176 கிராம். இன்றைய விலையைப் பெருக்கிப் பாருங்கள், அவர்கள் சொல்லும் ஐந்து லட்சம் அதற்கே காணாது. பழைய நகையை வாங்கிய கடை கொடுத்த ரசீது, அந்த வாரம் உங்கள் கணக்கிலோ அவர் கணக்கிலோ பணம் ஏறிய வங்கி அறிக்கை, அடுத்து வீட்டை விற்றவருக்குப் பணம் போன பதிவு ஆகிய மூன்றையும் தேதி வரிசையில் அடுக்கினால் நகை எப்படி வீடாக மாறியது என்பது விளங்கிவிடும். ரசீது தொலைந்திருந்தால் கடையில் கேளுங்கள். எட்டு ஆண்டுக் கணக்கைக் கடைகள் எப்போதும் வைத்திருப்பதில்லை, ஆனாலும் கேட்பதில் தவறில்லை. வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். அவர் தன் பங்கை வேறு யாருக்காவது எழுதிக்கொடுத்திருக்கிறாரா என்பது அதில் தெரியும்.

வங்கிக் கடனைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. எனக்கோ அதுதான் அதிகக் கவலை. கடன் ஒப்பந்தத்திலும் உங்கள் கையெழுத்து இருக்குமானால், நீங்கள் இருவரும் உங்களுக்குள் என்ன எழுதிக்கொண்டாலும் வங்கியை அது கட்டுப்படுத்தாது. வீட்டை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அவர் மூன்று தவணை கட்டாமல் விட்டால், வங்கி உங்கள் பள்ளி வாசலுக்கே வரும். உங்கள் சிபில் மதிப்பெண்ணும் விழும். ஆகவே வீட்டை அவர் எடுத்துக்கொள்வதானால், முதலில் அவர் தன் ஒருவர் பெயருக்குக் கடனை மாற்றி, உங்களை விடுவித்ததாக வங்கி எழுத்தில் கொடுத்த பிறகே நீங்கள் உங்கள் பங்கை அவருக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். அந்தப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். 100 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டால் பங்கு கைமாறாது. எழுதுவதை விவாகரத்துத் தீர்ப்புக்கு முன்பே முடித்துவிடுவதும் நல்லது. குடும்ப உறுப்பினர்களுக்கிடையே எழுதும் சில வகைப் பத்திரங்களுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைக் கட்டணச் சலுகை இருக்கிறது. தீர்ப்பு வந்துவிட்டால் நீங்கள் கணவன் மனைவி அல்ல என்பதால் அதைக் கேட்க முடியாமல் போகும்.

தன் பெயர் பத்திரத்தில் இல்லாத இல்லத்தரசிகளுக்காக இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். வெளிநாட்டில் சம்பாதித்த கணவர் அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து பற்றிய ஒரு வழக்கில், வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அந்தச் சொத்து சேர்வதற்குக் காரணம், எனவே அவருக்கும் பங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தது. இது எல்லா வழக்கிலும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை காலம் கணக்கிலேயே வராத உழைப்பைக் கணக்கில் எடுத்த தீர்ப்பு அது.

மாமியார் லாக்கரில் இருக்கும் 13 பவுன் உங்களுடையது. திருமணத்தின்போது உங்களுக்குப் போட்ட நகை சீதனம். அதில் கணவருக்கோ அவருடைய பெற்றோருக்கோ எந்த உரிமையும் இல்லை, அவர்கள் வெறும் பொறுப்பாளர்கள், கேட்டால் திருப்பித் தர வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1985-இல் பிரதிபா ராணி வழக்கிலேயே தெளிவாக்கிவிட்டது. திருமண ஆல்பத்தை எடுத்து, எந்தப் படத்தில் எந்த நகை இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்; நகை வாங்கிய பில் அம்மாவின் பீரோவில் இருக்கிறதா என்று பாருங்கள். எடை, வகை, எண்ணிக்கையோடு ஒரு பட்டியல் எழுதி, வழக்கறிஞர் மூலமாக எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் கணவரின் பூர்வீக நிலத்தில், அவர் உயிரோடு இருக்கும்வரை மனைவியாக உங்களுக்குப் பங்கில்லை. விவாகரத்துக்குப் பிறகு நீங்கள் அவருக்கு வாரிசும் அல்ல. பிள்ளைகள் விஷயம் வேறு. பெற்றோர் பிரிந்ததால் பிள்ளைகளுக்கு அப்பாவோடு உள்ள வாரிசு உரிமை போவதில்லை. பூர்வீகச் சொத்தில் உங்கள் மகனுக்கு இருக்கும் உரிமை, 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் அதே அளவு உண்டு. பிள்ளைகளுக்குப் பாத்தியதை இல்லை என்று அந்தத் தாளில் ஒரு வரி இருக்கிறதல்லவா, அதை எழுதிக்கொடுக்க நீங்கள் யார் என்று நீதிமன்றம் கேட்கும். மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ கொடுக்கவோ பெற்றோருக்கே நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 8-ஆம் பிரிவில் சொல்கிறது.

ஜீவனாம்சத்துக்கு வருவோம். நான் சம்பாதிக்கிறேனே, கேட்க முடியுமா என்று தயங்குபவர்கள் நிறைய. சம்பாதிப்பதாலேயே உரிமை போய்விடாது. அந்த வருமானம், கணவர் வீட்டில் வாழ்ந்த வாழ்க்கைத் தரத்துக்குப் போதுமா என்பதுதான் பார்க்கப்படும். வழக்கு நடக்கும்போது இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும், முடியும்போது 25-ஆம் பிரிவில் நிரந்தர ஜீவனாம்சமும் கேட்கலாம். விவாகரத்து வழக்கே இல்லாமலும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மாதாந்தரத் தொகை கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். மத வேறுபாடு இன்றி எவரும் இதன் கீழ் கேட்கலாம். சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு கிடைக்கும் என்று வெளியில் சொல்வார்கள். 2017-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் 25 சதவீதம் நியாயமானது என்றது. அது எல்லோருக்குமான விதி அல்ல, நீதிபதிகள் கூட்டியும் குறைத்தும் தருவார்கள்.

2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். பொய் சொன்னால் அதற்குத் தனி நடவடிக்கை உண்டு. ஜீவனாம்சமும் தீர்ப்புத் தேதியிலிருந்து அல்ல, மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்காகும். கையில் வாங்கும் சம்பளத்தைக் குறைத்துச் சொல்வது பின்னலாடைத் தொழிலில் எளிது என்பது எனக்குத் தெரியும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. 2018-இல் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோது அவர் தன் வருமானத்தைக் குறைத்துக் காட்டியிருக்க மாட்டார். கடன் கிடைக்க வேண்டுமே. கூட்டு விண்ணப்பதாரர் என்ற முறையில் அந்த விண்ணப்பத்தின் நகலை நீங்களே வங்கியில் கேட்கலாம். எத்தனையோ வழக்குகளில் வேறு எந்த ஆவணமும் செய்யாத வேலையை இந்த ஒரு நகல் செய்திருக்கிறது.

உத்தரவு வாங்கிய பிறகும் பணம் வராவிட்டால் சும்மா இருந்துவிடாதீர்கள். 144-ஆம் பிரிவில் பாக்கியை வசூலிக்கும் மனுவை, அது செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். ‘பாவம், கஷ்டத்தில் இருக்கிறார்’ என்று காத்திருந்து காலம் தவறவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட உங்களைத் தூங்கவிடாமல் செய்வது மகனைப் பற்றிய பயம்தான் என்பது கடிதத்தின் எழுத்திலேயே தெரிகிறது. ஆண் பிள்ளை அப்பாவுக்கு, பெண் பிள்ளை அம்மாவுக்கு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது; உங்கள் மகளுக்கு அது பொருந்தும். அதற்கு மேற்பட்ட வயதில், தந்தை இயற்கைக் காப்பாளர் என்ற வாதத்தைவிடக் குழந்தையின் நலனே முதன்மையானது என்று அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. யார் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், காய்ச்சலில் யார் பக்கத்தில் இருந்தார்கள், பிள்ளை இப்போது வேரூன்றியிருக்கும் இடம் எது என்றெல்லாம் நீதிபதி பார்ப்பார். ஒன்பது வயதுப் பையனைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசவும் செய்வார். அதற்காக மகனுக்குப் பதில் சொல்லிக் கொடுத்து அனுப்பாதீர்கள். சொல்லிக்கொடுத்த பதில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், அந்தப் பாரம் அவன் தோளுக்கு வேண்டாம். கூடப் பிறந்தவர்களைப் பிரிப்பதை நீதிமன்றங்கள் பொதுவாக விரும்புவதில்லை. ஒன்றரை ஆண்டாக இருவரும் உங்களிடம் ஒன்றாக வளர்கிறார்கள் என்பது வலுவான நிலைமை.

அதே அளவு அழுத்தத்தோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் நல்ல கணவராக அமையவில்லை என்பது, நல்ல அப்பாவாக இருக்க முடியாது என்பதாகாது. பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு. பிள்ளைகளுக்கும் அப்பாவைப் பார்க்கும் உரிமை உண்டு. ஜீவனாம்சம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமல் இருப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் இரண்டுமே தவறு. இரண்டையும் நீதிமன்றம் கண்டிக்கும். குடும்ப நல நீதிமன்ற வளாகத்தில் ஒரு சனிக்கிழமை, அப்பாவுக்காகக் காத்திருந்த ஒரு சிறுமியைப் பார்த்தேன். வரைந்துகொண்டிருந்த வீட்டில் இரண்டு வாசல் வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். “ஒண்ணு அம்மா வர்றதுக்கு, ஒண்ணு அப்பா வர்றதுக்கு” என்றாள். உங்கள் ஒப்பந்தத்தில் வார இறுதி, கோடை விடுமுறை, பொங்கல், தீபாவளி, பிறந்த நாள், வீடியோ அழைப்பு நேரம், பள்ளிக் கட்டணத்தில் யார் எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் தேதியும் நேரமும் போட்டு எழுதுங்கள். பிள்ளைகள் தொடர்பான எந்த ஏற்பாடும் இறுதியானது அல்ல. இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி தீர்ப்புக்குப் பிறகும் நிலைமை மாறினால் மாற்றிக் கேட்கலாம். மகளின் பராமரிப்பில், திருமணமாகாத மகள் என்றால், திருமணச் செலவும் அடங்கும்.

வரதட்சணைப் புகார் கொடுத்தால் வழிக்கு வருவார்கள் என்று யாராவது உங்களுக்கும் சொல்வார்கள். கொடுமை நடந்திருந்தால் தயங்காமல் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். நடக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கும்போது, இல்லாததைப் புகாராக்க வேண்டாம்.

மனமொத்த விவாகரத்தில் இறுதித் தீர்ப்பு வரும்வரை இருவரில் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991-இலேயே சொல்லியிருக்கிறது. எனவே உங்கள் பங்கை முழுவதும் முதல் நாளிலேயே எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அவரும் முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுக்க வேண்டியதில்லை. நகையை மனுத் தாக்கலின்போது திருப்பித் தருவது, தொகையில் பாதியை அன்றைக்கும் மீதியை இரண்டாம் விசாரணையன்று வங்கி வரைவோலையாகவும் தருவது, வங்கி உங்களை விடுவித்த கடிதம் வந்ததும் பத்திரப் பதிவு என்று படிப்படியாக அமைத்தால் இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பெண் என்ற ஒரே காரணத்தாலேயே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குத் திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கிரயப் பத்திர நகல், உங்கள் சம்பள ரசீது ஆகியவற்றோடு போங்கள். நேரில் போகுமுன் பேச வேண்டுமானால் 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் வரும்போது மரியாதைக் குறைவாக எதுவும் பேச வேண்டியதில்லை. காபி கொடுங்கள். பிரிவதற்கு எனக்கும் சம்மதம்தான், ஆனால் கோர்ட்டில் முறைப்படி இருவரும் சேர்ந்து மனுப் போடுவோம், மற்றதை வக்கீல் மூலமாகப் பேசிக்கொள்வோம் என்று மட்டும் சொல்லுங்கள். அவர்கள் கொண்டுவரும் தாளைப் படித்துப் பார்க்கக் கேட்டு, ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டையும் நகையையும் நீங்கள் விட்டுக்கொடுப்பதாக எழுதியிருப்பதே, அவற்றில் உங்களுக்குப் பாத்தியதை இருப்பதை அவர்கள் ஒப்புக்கொள்வது போலத்தான். பிறகு வழக்கென்று வந்தால் உங்கள் வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான்.